மேடைக்குப் பின்னால் எரியும் டீசல்

முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் காலை பத்து மணிக்குக் கடலூரில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். ‘குட்டி யானை’ மினி லாரிகளிலிருந்து கருப்புப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருக்கும். மேடை விளக்குகளைத் தொங்கவிடும் ‘டிரஸ்’ என்ற உலோகச் சட்டத்தின் துண்டுகளை இளைஞர்கள் தோளில் சுமந்து வருவார்கள். ஓரமாக நிற்கும் லாரியின்மேல் 125 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஒன்று இருக்கும். பதினொரு மணிக்கு அதை ஓடவிடுவார்கள். அந்த நேரத்தில் அது சுமப்பது இரண்டு மின்விசிறி, ஒரு துளையிடும் மெஷின், சோதனைக்காகப் போட்டுப் பார்க்கும் சில விளக்குகள், நாலைந்து கைப்பேசிகள். வரவேற்போ மாலை ஏழு மணிக்குத்தான்.

திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் நல்ல முகூர்த்த நாளில் நூறு கல்யாணத்துக்கும் மேல் நடப்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. வசதியுள்ள வீட்டார் முந்தைய மாலையே எல்இடி திரை, சுழலும் விளக்கு, பாட்டுக் கச்சேரி என்று வரவேற்பு வைக்கிறார்கள். புதுச்சேரியில் இதோடு கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளின் வார இறுதி நிகழ்ச்சிகள், கடற்கரைச் சாலையின் அரசு விழாக்கள், புத்தாண்டு இரவு எல்லாம் சேர்கின்றன. மைக் செட், சீரியல் செட் என்று தொடங்கிய மேடை ஒலி, ஒளி அமைப்பு இன்று இரு ஊர்களிலும் பெரிய தொழிலாகிவிட்டது. அதன் சுற்றுச்சூழல் சுமையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் உடனே எல்இடி விளக்குக்கும் சோலார் பலகைக்கும் தாவிவிடுகிறோம். நான் அந்த ஜெனரேட்டரிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

125 கே.வி.ஏ. என்பது ஏறத்தாழ 100 கிலோவாட். அந்த அளவுள்ள இயந்திரம் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 28 லிட்டர் டீசல் குடிக்கும். சுமை கால்வாசியாகக் குறைந்தால் டீசலும் கால்வாசியாகக் குறையும் என்று நினைப்போம். குறையாது, அப்போதும் 10 லிட்டர் அளவுக்குப் போகும். ஏறக்குறைய வெறுமையாக ஓடினாலும் மூன்று, நான்கு லிட்டர் போய்விடும். இயந்திரம் தன்னையே சுழற்றிக்கொள்ளவும் குளிர்வித்துக்கொள்ளவும் கொடுக்க வேண்டிய விலை அது.

இப்போது அந்த மண்டபத்துக்குக் கணக்குப் போடலாம். காலை பதினொன்று முதல் மாலை ஏழு வரை எட்டு மணி நேரம், மணிக்கு நான்கு லிட்டர் என்றால் 32 லிட்டர். ஏழு முதல் பதினொன்று வரை நிகழ்ச்சி. சுமை 25 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால் 40 லிட்டர். மொத்தம் 72 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். ஆக, ஒரே மாலைக்கு 190 கிலோவுக்கும் மேல். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்கில் ஒருவர் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஏறக்குறைய மூன்று மாதம் தினமும் போய்த் திரும்பினால் வெளியேறும் அளவு அது. அந்த 72 லிட்டரில் 32 லிட்டர், முதல் விருந்தாளி பந்தலுக்குள் காலடி வைப்பதற்கு முன்பே எரிந்து முடிந்துவிட்டது. எவரும் பார்க்காத ஒளிக்கும் எவரும் கேட்காத இசைக்கும் எரிந்த டீசல் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இவ்வளவு குறைந்த சுமையில் மணிக்கணக்காக ஓடுவது இயந்திரத்துக்கும் கெடுதல். உள்ளே போதிய வெப்பம் ஏறாததால் டீசல் முழுமையாக எரிவதில்லை. எரியாத எண்ணெயும் கரியும் புகைக்குழாயில் பிசுபிசுவென்று படிகின்றன. உத்தேசமாக முப்பது சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து ஓட்டக் கூடாது என்பது மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த பாடம். புதிய ஜெனரேட்டர்களுக்கு 2023 ஜூலை 1 முதல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடுமையான புகை வரம்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நல்ல விதிதான். ஆனால் வாடகைக்கு ஓடுபவற்றில் பழைய இயந்திரங்களும் உண்டு. எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் அதைச் சும்மா ஓடவிட்டால் விதி என்ன செய்யும்?

25 கிலோவாட் வேலைக்கு 100 கிலோவாட் இயந்திரத்தை ஏன் கொண்டுவருகிறார்கள்? அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. தாலி கட்டும் நேரத்தில் மின்சாரம் போனால் மேடையின் ஒலி, ஒளியை ஏற்றுக்கொண்ட அந்த அமைப்பாளர் அதே ஊரில் மறுபடி தொழில் செய்ய முடியாது. அந்த அச்சம் உண்மையானது. ஏர்கூலர், ஏ.சி. மோட்டார்கள் தொடங்கும்போது இயல்பைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதும் உண்மை. ஆகவே கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். தவறு நடப்பது கூட்டல் கணக்கில். ஒவ்வொரு கருவியின் பின்பக்கமும் அச்சிட்டிருக்கும் உச்சபட்ச வாட்டை எடுத்துக் கூட்டி, அதற்கு மேல் இன்னொரு பங்கைச் சேர்த்து ஜெனரேட்டர் பேசிவிடுகிறார்கள்.

இசைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தவில் அடி விழும் நொடியில் ஆம்ப்ளிபயர் உச்சத்தைத் தொடும். அடுத்த நொடியில் இறங்கிவிடும். ஆம்ப்ளிபயர் தயாரிப்பாளர்களே மின்தேவையைக் குறிப்பிடும்போது உச்சத் திறனில் எட்டில் ஒரு பங்கைத்தான் இயல்பான இசைக்கு உரிய அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். எல்இடி திரையும் அப்படித்தான். முழு வெள்ளைப் படம் காட்டும்போது இழுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கே சாதாரணக் காட்சிகளுக்குப் போதும். உச்சங்களையெல்லாம் ஒரே நொடியில் நிகழ்வதாகக் கற்பனை செய்து கூட்டினால் தேவையைப் போல மூன்று, நான்கு மடங்கு வந்து நிற்கும்.

இதற்கு மருந்து ஒரு யூனிட் மீட்டர். மேடையின் பிரதான மின்பெட்டியில் அதைப் பொருத்தி, நிகழ்ச்சி தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். நடுவில் இரண்டு, மூன்று முறை கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரால், மும்முனை மின்சாரத்தின் ஒவ்வொரு ஃபேஸிலும் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். பத்து நிகழ்ச்சிகளுக்கு இதைச் செய்தால் போதும். எந்த வகை வேலைக்கு எந்த அளவு ஜெனரேட்டர் என்பது சொந்த நோட்டுப் புத்தகத்திலேயே கிடைத்துவிடும். நிகழ்ச்சிகளைச் சுற்றுச்சூழல் பொறுப்போடு நடத்துவதற்கென்று ஐ.எஸ்.ஓ. 20121 என்ற உலகத் தரநிலை, லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி 2012இல் வந்தது, 2024இல் திருத்தப்பட்டது. பெரிய நிறுவனங்கள் அதை நாடட்டும். ஐந்தாறு பேரோடு நடக்கும் ஒரு சவுண்ட் சர்வீஸுக்கு அந்த நோட்டுப் புத்தகம் அதைவிடப் பயன்படும் என்பது என் கருத்து.

ஆனாலும் அளந்து பார்க்க ஏன் ஒருவரும் முனைவதில்லை? இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. பல இடங்களில் ஜெனரேட்டர்காரருக்கு நாள் வாடகை, டீசல் செலவு கல்யாண வீட்டாருக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். டீசல் எவ்வளவு போனாலும் அமைப்பாளருக்கு நட்டம் இல்லை. ஜெனரேட்டர்காரருக்கு இயந்திரம் ஓடினால் போதும். பணம் கொடுக்கும் கல்யாண வீட்டாருக்கோ ஆயிரம் செலவுகளுக்கு நடுவே டீசல் ஒரு வரி. அது கூடுதலா குறைவா என்று கேட்க அவர்களிடம் அளவுகோல் இல்லை. மூன்று பேர் நடுவில் அந்த டீசல் யாருடையதும் ஆகாமல் எரிகிறது. போதாக்குறைக்கு, வரி வேறுபாட்டால் புதுச்சேரியில் டீசல் தமிழ்நாட்டைவிட விலை குறைவு. கடலூர் வண்டிகள் புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடைப் பக்கம் போய் நிரப்பிக்கொண்டு வருவது நமக்குப் பழக்கமான காட்சி. விலை குறைந்த பொருளைச் சிக்கனப்படுத்த யாருக்குத் தோன்றும்?

ஆகையால் முதல் சீர்திருத்தம் கொட்டேஷன் தாளில் நடக்க வேண்டும் என்கிறேன். டீசலையும் சேர்த்து மொத்தத் தொகையாக அமைப்பாளரே பேசினால், மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் அவருடைய லாபம். காலையில் இயந்திரத்தை நிறுத்திவைக்க வேறு எந்த அறிவுரையும் தேவைப்படாது. வீட்டார் தரப்பில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: மேடை கட்டும் நேரத்துக்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பீர்கள்? மண்டபத்தின் சாதாரண இணைப்பே அந்த வேலைக்குப் போதும். திறந்தவெளித் திடல் என்றால் மின்வாரியத்திடமோ புதுச்சேரி மின்துறையிடமோ தற்காலிக இணைப்பு வாங்கலாம். வீட்டு மின்கட்டணத்தைவிட அது அதிகம்தான். விண்ணப்பித்து அலையவும் வேண்டியிருக்கும். இருந்தும் வெறுமையாக ஓடும் ஜெனரேட்டரின் யூனிட் விலையோடு ஒப்பிட்டால் மலிவு.

மின்வாரியத்துக்கு மாறிவிட்டால் எல்லாம் தூய்மையாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். கடலூர் மாவட்டத்துக்காரர்கள் அப்படி நம்பவும் முடியாது. நம் மின்கம்பியின் மறுமுனையில் நெய்வேலி இருக்கிறது. 1956இல் தொடங்கிய நிறுவனம் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி, நிலத்தடி நீரை இறைத்து, வயல்களைத் தோண்டி எடுக்கப்படுவது. நாட்டின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. முழுச் சுமையில் நன்றாக ஓடும் ஜெனரேட்டருக்கு அந்த எண் 0.75. இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. கால் சுமையில் அது ஒரு கிலோவைத் தாண்டும். மூன்று கிலோவாட் வேலைக்கு நான்கு லிட்டர் எரியும் அந்தக் காலை நேரத்தில் மூன்றரை கிலோவுக்கு மேல் போய்விடும். சுமைக்கும் இயந்திரத்துக்கும் உள்ள பொருத்தம்தான் இங்கே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. மின்கட்டமைப்பில் காற்றும் சூரியனும் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருவது நம்பிக்கை தருகிறது. டீசலுக்கு அப்படி ஓர் எதிர்காலம் கிடையாது.

புகை யார் மூக்கில் ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் டீசல் புகையை, புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிப்பட்ட பொருள்களின் வரிசையில் சேர்த்தது. இரவு ஒரு மணிக்கு வேலை முடிந்து, விடியலில் மறுபடி முகூர்த்தத்துக்கு எழ வேண்டும் என்பதால் ஜெனரேட்டர் லாரிக்கு அருகிலேயே தார்ப்பாயை விரித்துத் தூங்கும் இருபது வயதுப் பையன்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சுற்றுச்சூழல் என்ற சொல்லுக்குள் அவர்களுடைய நுரையீரலும் அடக்கம்.

விளக்குகளில் இந்தத் தொழில் ஏற்கெனவே பெரிய பாய்ச்சலைச் செய்துவிட்டது. மேடைக்கு ஒளி பாய்ச்சும் ‘பார்’ (PAR) விளக்குகளில் ஆயிரம் வாட் ஹாலஜன் வகை 24 தொங்கினால் 24 கிலோவாட். மேடையில் நிற்பவர் வெந்துபோவார். அதே இடத்தில் இன்றைய எல்இடி பார் விளக்குகள் 24 போட்டால் நான்கு, ஐந்து கிலோவாட்டில் முடிந்துவிடும். யாரும் சட்டம் போட்டு இதைச் செய்யச் சொல்லவில்லை. பல்பு மாற்றும் செலவும் தடித்த கேபிளின் எடையும் குறைந்ததைப் பார்த்து அமைப்பாளர்களே மாறிக்கொண்டார்கள். ஆனால் மிச்சமான மின்சாரத்தை வேறு வழியில் செலவழித்துவிட்டோம். 24 விளக்குகள் இருந்த இடத்தில் 60 வந்தன. மேடைக்குப் பின்னால் ஒரு திரை, இரு பக்கமும் இரண்டு திரை, நுழைவாயிலில் ஒன்று என்று எல்இடி திரைகள் பெருகின.

அந்தத் திரைகளில் கைக்காசு செலவில்லாத ஒரு சிக்கனம் உண்டு. வெளிப்புறத் திரைகள் நண்பகல் வெயிலிலும் தெரிவதற்காக 5,000 நிட் ஒளிர்வுக்கு உருவாக்கப்பட்டவை. இரவு எட்டு மணிக்கு அதில் கால்வாசியே தாராளம். ஒளிர்வைக் குறைத்தால் மின்சாரமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் இறங்கும். மணமக்களின் முகம் புகைப்படத்தில் நீலம் பூசாமல் வரும். முன்வரிசைப் பெரியவர்களுக்குக் கண் கூசாது. கன்ட்ரோலரில் ஒரு எண்ணை மாற்றும் வேலைதான்.

ஒலியில் விஷயம் இன்னும் ஆழமானது. மூன்று டெசிபெல் கூட்ட வேண்டுமென்றால் மின்திறனை இரட்டிப்பாக்க வேண்டும். காதுக்கு அது சிறிய வேறுபாடாகத்தான் தெரியும். அதேபோல், திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி ஆறு டெசிபெல் குறைகிறது. 20 மீட்டரில் கேட்கும் அளவு 40 மீட்டரிலும் கேட்க வேண்டுமென்று மேடை ஓரத்து ஸ்பீக்கரையே முறுக்கினால் நான்கு மடங்கு திறன் தேவை. முன்னால் உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். கூட்டத்தின் நடுவில் சிறிய ஸ்பீக்கர்களை வைத்து, மேடை ஒலியோடு பொருந்துமாறு சில மில்லி நொடி தாமதம் கொடுத்து ஓட்டினால், பாதிக்கும் குறைந்த திறனில் கடைசி வரிசைக்கும் பேச்சு தெளிவாகப் போய்ச் சேரும். கோயில் திருவிழாக்களில் தெரு நெடுக ஸ்பீக்கர்களைக் கட்டி வைக்கும் வழக்கம் நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது. அந்த அறிவைத்தான் பெரிய மேடைகளில் மறந்துவிட்டோம். ஆம்ப்ளிபயரும் மாறியிருக்கிறது. பழைய ஏபி வகை ஆம்ப்ளிபயர்கள் வாங்கும் மின்சாரத்தில் பாதியளவை வெப்பமாகவே வெளியேற்றும். இன்றைய டி வகை 85 சதவீதத்துக்கு மேல் ஒலிக்குக் கொண்டுபோகிறது. எடையும் குறைவு என்பதால் இரண்டு நடை போகும் வண்டி ஒரு நடையில் முடிக்கும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்கள் மட்டும் அரசு நள்ளிரவு வரை விலக்கு தரலாம். இந்த விதிகளை அமைப்பாளர்கள் தொழிலுக்கு வந்த இடையூறாகப் பார்க்கிறார்கள். மின்திறனில் பெரும் பகுதியை விழுங்குவது அடித்தொனி தரும் சப்-ஊஃபர்; சுவரைத் தாண்டி அண்டை வீட்டின் ஜன்னலை அதிரவைப்பதும் அதுதான். அதை அடக்கினால் விதியும் காக்கப்படும், டீசலும் மிஞ்சும்.

நம் கரைக்கே உரிய ஒரு செய்தி: ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கடற்கரை மணலில் முட்டையிட வருகின்றன. ஏழு வாரம் போலக் கழித்துக் குஞ்சுகள் இரவில் வெளிவந்து, வெளிச்சம் மிகுந்த திசை கடல் என்று நம்பி ஓடும். மனிதர் விளக்கு இல்லாத காலத்தில் அந்த நம்பிக்கை பொய்த்ததில்லை. கடலூரின் தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதியின் மணல்வெளியிலோ தலை சுழலும் வெள்ளை ‘மூவிங் ஹெட்’ விளக்குகள் வானத்தைத் துழாவும் இரவுகளில் அவை கரைப் பக்கம் ஏறி, நாய்க்கும் வெயிலுக்கும் இரையாகின்றன. ஆமைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் விளக்குகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் தாழ்த்தி, வெள்ளைக்கும் நீலத்துக்கும் பதில் சிவப்பு, ஆம்பர் என்ற செம்மஞ்சள் நிறங்களுக்கு மாறி, நிகழ்ச்சி முடிந்த நிமிடமே அணைக்க வேண்டும். இதற்குக் கூடுதல் கருவி தேவையில்லை. விளக்கு இயக்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. மேடையில் வெடிக்கும் பளபளப்புத் தாள்களைக் கடற்கரையில் அறவே விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவை மெல்லிய பிளாஸ்டிக். காற்று எடுத்துப் போனதைத் திரும்பப் பொறுக்க முடியாது.

கடலோரத்தில் தொழில் செய்பவருக்கு உப்புக் காற்று நிரந்தர எதிரி. டிரஸ் போல்ட்டுகளும் கேபிள் முனைகளும் எல்இடி திரையின் நுண்ணிய கால்களும் கடலுக்குத் தொலைவான ஊர்களைவிடச் சீக்கிரம் அரிக்கப்படுகின்றன. கெட்டுப்போன திரையை மாற்றிப் புதிது வாங்குவது, பல மாதம் சிக்கனமாக ஓட்டிச் சேர்த்ததை ஒரே நாளில் இழப்பதற்குச் சமம். டிரஸ்ஸின் உலோகமான அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுக்க, கிலோவுக்கு 14, 15 யூனிட் மின்சாரம் செலவாகிறது; பழையதை உருக்கி எடுத்தால் அதில் ஐந்து சதவீதம்தான். அதனால் கடற்கரை நிகழ்ச்சி முடிந்ததும் ஈரத்துணியால் துடைப்பது, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போடுவது, பழுது பார்ப்பவரை மதித்து வைத்துக்கொள்வது ஆகியவை பெரிய சுற்றுச்சூழல் வேலைகள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறி, 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் தரைமட்டக் கிடங்கில் இருக்கும் கருவியெல்லாம் ஒரே இரவில் குப்பையாகிவிடும். கிடங்கைத் தரையிலிருந்து மூன்றடி உயர்த்துவதும் நம் ஊரில் சுற்றுச்சூழல் செலவுக் கணக்கில் வர வேண்டும்.

இனி உதவாது என்றாகிவிட்ட கருவிகள் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. அங்கே செம்புக்காகக் கேபிளை எரிக்கும்போது எழும் புகை கொடிய நஞ்சு. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி அவை பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டும். ஒருவருடைய கழிவு சிறிது. இரண்டு ஊர் அமைப்பாளர்களும் கூடி ஆண்டுக்கு ஒருமுறை ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பினால் கட்டுப்படியாகும். கம்பியில்லா மைக்குகளுக்கு நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி புது பேட்டரி போட்டு எறிவதும் இதே கணக்குதான். நூற்றுக்கணக்கான முறை ஏற்றக்கூடிய ரீசார்ஜ் பேட்டரிகள் கடைகளில் கிடைக்கின்றன. மேடைக்குப் பின்னால் கட்டும் ஃபிளெக்ஸுக்கு இன்னும் கதவு திறந்தே இருக்கிறது. 2022 ஜூலை 1இல் வந்த தடை 100 மைக்ரானுக்குக் குறைவான பி.வி.சி. பேனர்களுக்கு மட்டுமே; கனத்த ஃபிளெக்ஸ் தப்பிவிட்டது. எல்இடி திரையை வாடகைக்கு எடுத்த மேடையில் பெயர் அச்சிட்ட ஃபிளெக்ஸ் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

மாசி மகத்தன்று புதுச்சேரிக் கடற்கரையின் வைத்திக்குப்பத்துக்கு மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் இன்னும் பல ஊர்த் தெய்வங்களும் எழுந்தருளுகிறார்கள். சீரியல் விளக்கு கட்டிய வண்டி ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஜெனரேட்டர் இரைகிறது. ஒரே கரையில், ஒரே நாளில், ஆண்டுதோறும் நடக்கும் விழா இது. கரையோரம் நிலையான மின்பெட்டிகள் சில இருந்தால், வண்டிகள் நிற்கும் நேரத்துக்காவது ஜெனரேட்டர்களை அணைத்துவிடலாம். தேவனாம்பட்டினத்துக்கும் புதுச்சேரி காந்தித் திடலுக்கும் இதே தேவை இருக்கிறது. தனியொரு அமைப்பாளரால் ஆகக்கூடியதல்ல இது. நகராட்சியும் மாநகராட்சியும் மின்துறையும் செய்ய வேண்டியது.

அமைப்பாளர் கையில் இருப்பது பிரிப்பு நேரம். இரவு பதினொரு மணிக்கு விருந்தாளிகள் போன பிறகு, சாமான்களைப் பிரித்து ஏற்ற இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குத் தேவை 50 வாட் எல்இடி ஃபிளட் விளக்கு நான்கு; அதாவது மொத்தம் அரை யூனிட்டுக்கும் குறைவு. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்து, நாள் கணக்கில் இருளில் கிடந்த ஊர் இது. இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியும் என்னவென்று கடலூரில் யாருக்கும் விளக்க வேண்டாம். அப்படி ஒரு ஜோடியைச் சக்கரப் பலகையில் ஏற்றி வந்துவிட்டால், பாட்டு நின்றதும் ஜெனரேட்டரையும் நிறுத்திவிடலாம். பிரிப்பு வேலை முழுக்க அதிலேயே நடக்கும். பையன்கள் படுக்கும்போது லாரி குளிர்ந்திருக்கும்.